அவர்களைச் சாகடிக்காத கதைகள்: சரித்திர நாவல் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சரித்திர நாவல் வாசகர்களுக்கு,

வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. வீராணம் ஏரிக்கரையில் அவன் குதிரை எப்படி நடந்தது, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் எதை ஒட்டுக்கேட்டான், குந்தவையை முதலில் பார்த்தபோது அவன் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பதையெல்லாம் சொன்னவர் கல்கி. கல்லில் இருந்த ஒரு பெயர் ஐந்து பாக நாவலாக வளர்ந்தது. அதில் வரும் நந்தினியும் பூங்குழலியும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அதற்காக நம்மில் யாரும் புத்தகத்தை மூடி வைத்ததில்லை. சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தே வாசிக்கிற பழக்கம் நமக்கு மூன்று தலைமுறையாக உண்டு. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பேச வந்தது, இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் சரித்திர நாவல்களைப் பற்றி. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. நம்மிடையே இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கேள்விகள் உடனே வரும். அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இருந்திருக்குமா? இருந்தாலும் நல்லபடியாக முடிந்திருக்குமா? முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த மடல்.

கிரேக்க இதிகாச வீரர்களான அக்கிலீசும் பத்ரோக்ளசும் காதலர்களா என்பது இன்றைக்குக் கிளம்பிய வம்பு இல்லை. பிளேட்டோ தன் 'விருந்து' என்ற உரையாடலில், அந்த இருவரில் காதலித்தவர் யார், காதலிக்கப்பட்டவர் யார் என்றே ஒரு பாத்திரத்தை வாதாட வைக்கிறார். காதலா இல்லையா என்ற சந்தேகம் அங்கே எழவில்லை. மெடலின் மில்லர் 2011இல் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' எழுதியபோது அந்தப் பழைய வாதத்துக்குள்தான் நுழைந்தார். மறு ஆண்டு ஆரஞ்சுப் பரிசு அந்த நாவலுக்குக் கிடைத்தது.

அலெக்சாண்டரைப் பற்றி பிளூட்டார்க் எழுதியதில் ஒரு காட்சி வருகிறது. கெட்ரோசியப் பாலையைக் கடந்து படை தேய்ந்து வந்து சேர்ந்த பிறகு ஓர் ஆட்டப்போட்டி. பாரசீக இளைஞன் பகோவாஸ் வென்றுவிட்டு, போட்ட ஒப்பனையோடு அரங்கைக் கடந்து வந்து அலெக்சாண்டரின் பக்கத்தில் உட்காருகிறான். மாசிடோனியப் படைவீரர்கள் கைதட்டி, அவனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லிக் கூச்சலிடுகிறார்கள். அலெக்சாண்டர் அவனை அணைத்து முத்தமிடுகிறான். பகோவாசைப் பற்றிப் பழைய நூல்களில் கிடைப்பது இதுபோன்ற சில பத்திகள்தான். அதிலிருந்து மேரி ரெனால்ட் 1972இல் 'தி பெர்ஷியன் பாய்' என்ற முழு நாவலை அவன் வாய்மொழியாகவே எழுதினார். கல்லிலிருந்து வந்தியத்தேவன் எழுந்த அதே வழி. பிளூட்டார்க்கின் காட்சியில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த முத்தம்கூட இல்லை. அதைக் கேட்டுக் கூச்சலிட்ட படைவீரர்கள். ஒரு காதல் ஊரறிய இருந்தது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி.

ஆக, இருந்திருக்கிறது. கூட்டம் கைதட்டிய காலமும் இருந்தது, தூக்கில் போட்ட காலமும் இருந்தது. இன்று எழுதப்படும் நாவல்களில் கணிசமானவை இரண்டாவது காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, குறிப்பாக இங்கிலாந்தின் 19ஆம் நூற்றாண்டை. அதனால் அந்த இருட்டுக்குள் போயே ஆக வேண்டும்.

1835ஆம் ஆண்டு நவம்பர் 27. லண்டன் நியூகேட் சிறைக்கு வெளியே ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். பிராட் குதிரைக்காரர், ஸ்மித் கூலியாள். லண்டனின் சதக் பகுதியில் வயதான ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இருவரும் சந்தித்தார்கள். வீட்டுக்காரர் சாவித் துவாரத்தின் வழியாகப் பார்த்தார். அவ்வளவுதான் வழக்கு. ஆண்கள் ஒருவரோடொருவர் கூடியதற்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இவர்கள். அறையை எடுத்திருந்த முதியவர் கடல் கடந்து நாடுகடத்தப்பட்டார். தூக்குக்குச் சில வாரம் முன்பு சிறையைப் பார்க்கப் போன இளம் சார்லஸ் டிக்கன்ஸ், சாவுக்குக் காத்திருந்த அந்த இருவரையும் பார்த்துப் பெயர் சொல்லாமல் தன் கட்டுரையில் எழுதினார்.

அந்த வழக்கை விசாரணைக்கு அனுப்பிய நீதிபதி ஹென்ஸ்லி வெட்ஜ்வுட், பிறகு உள்துறை அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். பணக்காரன் கொஞ்சம் செலவழித்தால் இந்தக் குற்றத்தை யார் கண்ணிலும் படாமல் செய்துவிட முடியும், ஏழைக்கு மறைவிடம் இல்லை, அதனால் மாட்டிக்கொள்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். பலன் இல்லை.

இந்த வழக்கை அறிந்த பிறகுதான் அந்த நாவல்களின் ஒரு கூறு எனக்குப் பிடிபட்டது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் ஆங்கிலச் சரித்திரக் கதைகளில் முக்கியமான இடம் நடனக்கூடம்: ஊரே பார்க்க, விளக்கொளியில், கைகோத்து ஆடுவது. இரண்டு ஆண்களின் கதையில் முக்கியமான இடம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை. கதவு யாருடையது, சாவி யாரிடம், மாடிப்படியில் வேலைக்காரர் வரும் நேரம் எது என்பதை எழுத்தாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டும். இருவரும் பயமில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிற பக்கம் வரும்போது, வேறு கதையில் கல்யாணப் பந்தலுக்கு உள்ள நிறைவு அந்தச் சாதாரண மேசைக்கு வந்துவிடும். சரித்திரம் காதலுக்கு வெறும் பின்னணியாக நிற்காமல் அதன் எலும்பாகிவிடுவது இப்படித்தான்.

கடிதமும் அப்படியே. 1885இல் வந்த சட்டத் திருத்தம் ஆண்களுக்கிடையிலான எந்த நெருக்கத்தையும் இரண்டாண்டுச் சிறைக்கு உரிய குற்றமாக்கியது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் என்றே அதை வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். ஆஸ்கார் வைல்ட் தன் காதலருக்கு எழுதிய கடிதம் மிரட்டல்காரர் கையில் சிக்கி, 1895இல் நீதிமன்றத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் 'அன்பே' என்று மையில் எழுதுவது, எழுதியவன் தன் உயிரையே உறைக்குள் போட்டு அனுப்புவது போல. நம் காலத்துக் காதல் கதையில் ஒரு செய்தியை அனுப்புவதில் என்ன இடர் இருக்கிறது? அங்கே ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

இது நாவலாசிரியர்கள் ஊதிப் பெருக்கியது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது கார்டன் பவ்ஷர் என்பவர் கில்பர்ட் பிராட்லி என்ற படைவீரருக்கு நூற்றுக்கணக்கில் காதல் கடிதங்கள் எழுதினார். ஜி என்ற ஒற்றை எழுத்துதான் கையொப்பம். ஒரு கடிதத்தில், தான் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிடும்படி கெஞ்சுகிறார். இன்னொன்றில், நல்ல காலம் வந்து இவை அச்சாகி, நாம் எவ்வளவு காதலித்தோம் என்று உலகம் அறிந்தால் எப்படி இருக்கும் என்று கனவு காண்கிறார். பிராட்லி அவற்றை அழிக்கவில்லை. 2008இல் அவர் இறந்த பிறகு அவை வெளியே வந்து, இன்று ஆஸ்வெஸ்ட்ரி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்வி. நல்லபடியாக முடிந்திருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. பிராட்டையும் ஸ்மித்தையும் நமக்குத் தெரிய வைத்தது எது? நீதிமன்றம். பிடிபட்டவர்களின் பெயர் மட்டுமே ஏட்டில் ஏறும். எந்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்காமல், யாரும் மிரட்டாமல், முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து செத்த இருவரைப் பற்றி எந்த ஏடு எழுதும்? எழுதப்படாமல் போனதுதான் அவர்கள் தப்பித்ததற்கே அடையாளம். தண்டித்தவர்கள் எழுதிய பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்குத் துயரம்தான் விதி என்று நாம் முடிவு கட்டினால், நீதிபதியின் பேனாவை வாங்கி நாமும் அதே தீர்ப்பை எழுதுகிறோம். நல்ல சரித்திர நாவல் அந்தப் பேனாவை வாங்க மறுக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்பதும் பொய். யார்க்‌ஷையர் விவசாயி மாத்யூ டாம்லின்சனின் நாட்குறிப்பு 2020இல் செய்தியானது. 1810 ஜனவரியில், ஒரு கப்பல் மருத்துவர் இதே காரணத்துக்காகத் தூக்கிலிடப்பட்டதைக் கேள்விப்பட்டு அவர் எழுதியிருக்கிறார். ஒருவனுக்குச் சிறுவயது முதலே இந்த நாட்டம் இருந்தால் அது கடவுள் கொடுத்த இயல்பாகத்தானே இருக்க வேண்டும், கடவுள் கொடுத்த இயல்புக்குச் சாவுத் தண்டனையா என்று மனம் குமைகிறார். அவர் தெளிந்து முடித்துவிடவும் இல்லை. இயல்பு இல்லையென்றால் கொடிய தண்டனை தரலாம் என்கிற பக்கமும் போய் வருகிறார். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் முக்கியம். எந்த நாவலிலாவது 1810ஆம் ஆண்டு விவசாயி ஒருவர் இப்படி யோசித்தால், இக்காலக் கருத்தைத் திணித்துவிட்டார் என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

இ.எம். ஃபார்ஸ்டர் கதைக்கு வருகிறேன். 1913இல் அவர் டெர்பிஷையரின் மில்தோர்ப் கிராமத்துக்கு எட்வர்ட் கார்ப்பென்டரைப் பார்க்கப் போனார். கார்ப்பென்டர் கேம்பிரிட்ஜில் படித்தவர், குருமார் பணியை விட்டவர், சோசலிஸ்ட். அவரோடு அந்த வீட்டில் வாழ்ந்தவர் ஜார்ஜ் மெரில், ஷெஃபீல்டின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர். இருவரும் 1891இல் சந்தித்து, 1898 முதல் ஒன்றாகவே குடித்தனம் நடத்தினார்கள். வைல்ட் சிறைக்குப் போய் மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பில் மெரில் ஃபார்ஸ்டரின் பின்புறத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே மெல்லத் தொட்டார். அந்தத் தொடுகையிலேயே ஒரு நாவல் முழுதாகத் தனக்குள் வந்துவிட்டது என்று ஃபார்ஸ்டர் பின்னால் எழுதினார். அதுதான் 'மாரிஸ்'. 1914இல் எழுதி முடித்தார். அச்சேறியது 1971இல், அவர் இறந்த மறு ஆண்டு.

ஏன் அத்தனை காலம்? மாரிஸ் நடுத்தர வர்க்கத்துப் பங்குத் தரகன். கேம்பிரிட்ஜ் தோழன் கிளைவ் அவனைக் காதலித்துப் பின் கைவிட்டு, கல்யாணம் செய்துகொள்கிறான். மாரிஸ் மருத்துவரிடம் போகிறான், மனவசியக்காரரிடம் போகிறான், மாற முடியவில்லை. கடைசியில் கிளைவின் பண்ணையில் காட்டுக்காவல் பார்க்கும் அலெக் ஒரு இரவு ஏணி வைத்து அவன் சன்னலில் ஏறி வருகிறான். பயம், சந்தேகம், மிரட்டல் எல்லாம் நடுவில் உண்டு. முடிவில் அலெக் அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டிய கப்பலில் ஏறாமல் நின்றுவிடுகிறான், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். கதாநாயகன் தூக்கில் தொங்கியிருந்தால், அல்லது இருவரும் சேர்ந்து செத்திருந்தால், புத்தகத்தை வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது என்று ஃபார்ஸ்டரே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். நல்ல முடிவு இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுதவே தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த முடிவை விட்டுக்கொடுக்காததற்காகச் சாகும்வரை அதைக் கையெழுத்துப் பிரதியாகவே வைத்திருந்தார். இன்ப முடிவு என்றாலே மலிவு என்று பேசும் நண்பர்களே, இந்த நாவலுக்கு அந்த முடிவுதான் குற்றமாக இருந்தது, அதுதான் துணிச்சலாகவும் இருந்தது.

அந்த முடிவு கனவும் இல்லை. ஃபார்ஸ்டர் அதை மில்தோர்ப்பில் கண்ணால் பார்த்திருந்தார். கார்ப்பென்டரும் மெரிலும் 1928இல் மெரில் சாகும்வரை பிரியவில்லை.

கார்ப்பென்டரின் பெயர் நம்மவர்கள் சிலருக்கு வேறு வழியாகத் தெரிந்திருக்கும். அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் சர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் அழைப்பில்தான் கார்ப்பென்டர் 1890இல் இலங்கை வந்து, குருநாகலில் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். அதைப் பற்றித் தன் பயண நூலில் விரிவாக எழுதினார். அந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் மெரிலைச் சந்தித்தார். ஞானியின் பாடத்தால்தான் அவர் துணிந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அருணாசலத்தின் அந்த நட்பு கடைசிவரை நீடித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நூறாண்டுக்கு முன் ஓர் இலங்கைத் தமிழ் அறிஞரின் நண்பர் வட்டத்தில் இப்படி ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

இந்தக் கதைகளை எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களாக இருக்கிறார்களே, ஏன் என்று கேட்கிறார்கள். பெண் என்கிற முறையில் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. 1882இல் சொத்துச் சட்டம் மாறும்வரை இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவனுக்கே. அந்தக் காலத்துக் காதல் கதை எவ்வளவு இனிமையாக முடிந்தாலும், கடைசிப் பக்கத்தில் கதாநாயகி தன் பெயரையும் பணத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறாள். அது என் நெஞ்சில் முள்ளாக உறுத்தும். இரண்டு ஆண்கள் காதலிக்கும்போது யார் யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டமும் சடங்கும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. யார் முதலில் பேசுவது, யார் விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் அவர்களே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ரெனால்டும், ரோமப் பேரரசர் ஹாட்ரியன் அந்தினோவசைக் காதலித்ததை அவர் குரலிலேயே 1951இல் நாவலாக்கிய மார்கெரித் யூர்சனாரும் நெடுங்காலம் பெண் துணையோடு வாழ்ந்தவர்கள். தங்கள் வாழ்வைப் பற்றி நேராக எழுதாமல் ஈராயிரம் ஆண்டுக்கு அப்பாலிருக்கும் ஆண்களின் குரலில் பேசினார்கள். அந்தத் தூரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்தையில் கிடைப்பவற்றில் பல பிரபுக்களின் கதை. பங்களாவும் பட்டுக் கழுத்துத்துணியும் இருக்கும், பயம் இருக்காது, வேலைக்காரர்கள் எல்லோரும் தங்கமானவர்களாக இருப்பார்கள். தூக்கில் தொங்கியவர் குதிரைக்காரர் என்பதை மறந்த கதைகள் அவை. அதற்கு மாற்று வேண்டுமென்றால் கே.ஜே. சார்ல்ஸ் எழுதிய 'எ செடிஷியஸ் அஃபேர்' வாசியுங்கள். பீட்டர்லூ படுகொலை நடந்த 1819. ஒருவன் அரசை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிடும் புத்தகக்கடைக்காரன், இன்னொருவன் அப்படிப்பட்டவர்களை வேட்டையாடும் உள்துறை அதிகாரி. புதன்கிழமைதோறும் பெயர் சொல்லிக்கொள்ளாமல் சந்திக்கிறார்கள். அமைச்சர்களைக் கொல்லத் தீட்டிய கேட்டோ தெருச் சதி நிஜத்தில் நடந்தது. கதை அதற்குள் நுழைந்து போகிறது. கடம்பூர்ச் சதியை நகம் கடித்துக்கொண்டு வாசித்த உங்களுக்கு இந்தச் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இந்தப் பேச்சு வந்ததும் சிலர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நட்புக்குத் தன் பெருமை உண்டு. அதை வேறொன்றாக மாற்றி நாம் சான்று தேட வேண்டிய நிலையில் இல்லை. நமக்குச் சான்று இன்னும் அருகில் இருக்கிறது. இங்கிலாந்தின் சட்டம்தான் 377ஆம் பிரிவாக நம் மண்ணுக்கு வந்து, 1862 முதல், உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் விருப்ப உறவை அதிலிருந்து விடுவிக்கும்வரை இங்கே நின்றது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையிலும் மதுரையிலும் கொழும்பிலும் ஆண்கள் ஆண்களைக் காதலித்திருப்பார்கள். பிடிபட்டவர்கள் வழக்குக் கட்டுகளில் இருப்பார்கள். பிடிபடாதவர்களைத் தேடிப் போக நாவலாசிரியரால் மட்டுமே முடியும்.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த வாசகர் சந்திப்புக்கு 'மாரிஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காக யாராவது ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்லட்டும், நானே சொல்லவும் தயார். அடுத்தது உங்களில் எழுதுகிறவர்களுக்கு. 1890களின் மதராசில், துறைமுகத்திலோ, அச்சுக்கூடத்திலோ, ரயில்வே குடியிருப்பிலோ, இப்படி இருவரை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதுங்கள். போலீசு வரட்டும், மாமன் மச்சான் வரட்டும், பெண் பார்க்கப் போகும் நாளும் வரட்டும். எல்லா இடரையும் வையுங்கள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் அவர்களில் ஒருவரையும் சாகடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வாசகி